636701 பகா எண்தானா?

கேள்வி: தருமபுரி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, 2, 3, 5, 7, 11 ஆகிய எதனாலும் அது வகுபடவில்லை என்பதைக் காட்டி, இது பகா எண்தான் என்று சாதிக்கிறாள். அவள் சொல்வது சரியா?
— வாசகர், தருமபுரி

பதில்: தங்கள் பேத்தி அடுத்த பகா எண்ணான 13-ஐயும் முயன்றிருந்தால் விடை கிடைத்திருக்கும். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வருவதால், ஆறிலக்க எண்ணை நடுவில் வெட்டி, இரு பாதிகளின் வித்தியாசத்தை மட்டும் சோதித்தாலே போதும். 701-இல் 636 போனால் மீதி 65; அது 13-ஆல் வகுபடும், 7-ஆலும் 11-ஆலும் வகுபடாது. ஆகவே 636701-உம் அப்படியே. ஓர் எண்ணைப் பகா எண் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் சோதித்தாக வேண்டும். இந்த எண்ணுக்கு அது 2 முதல் 797 வரையுள்ள 139 பகா எண்கள். ஐந்தோடு நிறுத்தியது அவசரம்தான்.

வகுத்துப் பார்க்காமலே காரணிகளைக் காணும் வழி ஒன்றைப் பதினேழாம் நூற்றாண்டில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியர் ஃபெர்மா கண்டறிந்தார். வர்க்கமூலத்தை அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் நம் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 798-க்கு 103, 799-க்கு 1700, 800-க்கு 3299 மிஞ்சுகின்றன. இவற்றில் எதுவும் வர்க்கம் அன்று. 801-இன் வர்க்கமான 641601-இல் கழித்தாலோ 4900, அதாவது 70-இன் வர்க்கம், மிஞ்சுகிறது. எனவே 636701 என்பது 801-இலிருந்து 70-ஐக் கழித்த 731-ஐயும், 70-ஐக் கூட்டிய 871-ஐயும் பெருக்கி வருவது. 731 = 17 × 43, 871 = 13 × 67 என்பதால் பகாக் காரணிகள் 13, 17, 43, 67 என நான்கு; வகுத்திகள் மொத்தம் 16. நான்கே முயற்சியில் இது முடிந்ததற்குக் காரணம், 731-உம் 871-உம் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதே.

2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியின் பின்கோடு 635001. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலே மிஞ்சிய அதே 1700. அது 17-இன் மடங்கு என்பதால், 17 ஒன்றை வகுத்தால் மற்றொன்றையும் வகுத்தே தீரும். அஞ்சல் துறை இதை எண்ணிப் பார்த்திருக்காது, தற்செயல்தான். 635001 = 3 × 17 × 12451. இலக்கங்களின் கூட்டுத்தொகை 15 என்பதால் 3-ஐப் பேத்தி நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் ஃபெர்மாவின் வழியில் போனால், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய காரணிகளே 51-உம் 12451-உம் என்பதால், 797-இல் தொடங்கி 6251 வரை 5455 முறை முயல வேண்டியிருக்கும்.