மதம் மாறி முஸ்லிமானவர்கள் ஊடகத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

இஸ்லாம் மீதான வெறுப்பைக் குறைப்பதில் ஊடகத்துக்கு என்ன பங்கு, புதிதாக அந்த மதத்துக்கு வந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனை வைத்துச் சொல்கிறேன். அங்கே மாறியவர்களில் சிலர் ஊடகக்காரர்களே.

யுவோன் ரிட்லி பத்திரிகையாளர். 2001 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் செய்தி சேகரிக்கப் போய்த் தாலிபான்களிடம் பிடிபட்டார். விடுதலையான பிறகு குர்ஆனைப் படித்தார், 2003-இல் முஸ்லிமானார். பிடித்து வைத்தவர்கள் மீதே பாசம் வைக்கும் மனக்கோளாறு இது என்று சிலர் விளக்கம் சொன்னார்கள்! முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் மைத்துனி லாரன் பூத் 2010-இல் மாறியபோதும் ஏளனத்துக்குக் குறைவில்லை. அவர் பத்திரிகையிலேயே கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். ஒரு பெண் தானாக யோசித்து எடுத்த முடிவு என்பதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை போலும்.

2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய ஆய்வு மையம், மதம் மாறிய ஏறக்குறைய 50 பிரிட்டிஷ் பெண்களின் அனுபவங்களைத் தொகுத்தது. ஊடகச் சித்திரிப்பு பற்றிய குறை அதிலும் உண்டு.

எனக்கு ஒரு நெருடல்: வெள்ளைக்கார முஸ்லிம் பேசினால் சட்டென்று மைக் நீட்டுகிறார்கள். அதையே இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்து வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண் சொன்னால், எத்தனை பேர் காது கொடுக்கிறார்கள்?