பேப்பர் போடுவதற்கு முன்னால்

வணக்கம் சார்,

எனக்கு 24 வயது. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இரண்டரை வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் குறை இல்லை. ஆனால் காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போதே அலுப்பு வருகிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கான மென்பொருளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒரு வருடத்துக்கு மேல் செய்த ப்ராஜெக்டை ஒரே மெயிலில் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, மறுநாள் எல்லோரும் வேறு ப்ராஜெக்டில் உட்கார்ந்திருந்தோம். அப்ரைசல், டார்கெட், தினமும் மீட்டிங், அதில் நேற்று சொன்னதையே இன்றும் சொல்வது. நான் இல்லாவிட்டாலும் இங்கே ஒன்றும் ஆகாது. இந்த வருடம் நான் செய்த உருப்படியான காரியம் என்றால், டீமில் வேலை போன ஒரு ஜூனியர் பையனை என் அறையில் தங்கவைத்து அடுத்த இன்டர்வியூவுக்குத் தயார் செய்ததுதான். அதுவும் ஆபீஸ் வேலை இல்லை.

2024இல் வயநாடு நிலச்சரிவின்போது ராணுவம் பாலம் கட்டியதை டிவியில் பார்த்தேன். அன்றிலிருந்து ராணுவத்தில் சேர வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. ஒழுங்கு, மரியாதை, நாட்டுக்காகச் செய்கிறோம் என்ற நிறைவு எல்லாம் அங்கே கிடைக்கும் என்று தோன்றுகிறது. இந்த மாதமே பேப்பர் போட்டுவிட்டு, ஆறு மாதம் ஒரு பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கலாம் என்று இருக்கிறேன். இதைச் சொன்னதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை. அம்மா அழுகிறார். எனக்கு இந்தியும் தெரியாது. நண்பர்கள் இது வெறும் தப்பித்தல் என்கிறார்கள். அப்படித்தானா?

ஆர்.

---

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலுவலகத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், எது வலிக்கிறது என்று துல்லியமாகத் தெரிகிறது. ராணுவத்தைப் பற்றி மூன்று வரிதான். அதிலும் ஒரு வரி டிவியில் பார்த்தது, இன்னொரு வரி அங்கே உங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்பது. அதனால் நண்பர்கள் தப்பித்தல் என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். ஊரிலிருந்து, வீட்டிலிருந்து, கடனிலிருந்து, பிடிக்காத படிப்பிலிருந்து தப்பிக்கவே ராணுவத்துக்குப் போய் நல்ல சிப்பாய்களாகவும் நல்ல அதிகாரிகளாகவும் ஆனவர்கள் நிறையப் பேர் உண்டு. எதிலிருந்து ஓடினோம் என்பது முதல் வருடத்திலேயே மறந்துவிடும். அதற்கப்புறம் அங்கே உங்களைப் பிடித்துவைக்க ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்திலும் ஆபீஸ் இருக்கிறது. எல்லையில் இல்லாத காலத்தில், ஒரு யூனிட்டில் இளம் லெப்டினன்டின் நாள் விடியற்காலை உடற்பயிற்சியில் தொடங்கினாலும் அதற்கப்புறம் பெரும்பகுதி காகிதத்தில்தான் போகும். கிடங்கில் எத்தனை கூடாரம், எத்தனை டயர், எத்தனை ஜெனரேட்டர் என்று எண்ணிக் கணக்கு எழுத வேண்டும், ஒரு பொருள் குறைந்தால் விசாரணை. வண்டிப் பதிவேடு, லீவு பட்டியல், பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் ஒரு வாரம் முழுக்க ஏற்பாடு. நீங்கள் பாடுபட்டுத் தயாரித்த திட்டம் மேலிடத்திலிருந்து வரும் ஒரு உத்தரவில் நின்றுபோகும், ஏன் என்று அங்கேயும் யாரும் சொல்ல மாட்டார்கள். அலுப்பு உங்களைத் துரத்துகிறது என்றால், சீருடை போட்டாலும் அது கூடவே வரும்.

பாலத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு. சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, அக்கரையில் ஆட்கள் சிக்கியிருந்தார்கள். ஆகஸ்ட் 1 மாலைக்குள் இரும்புத் துண்டுகளைப் பிணைத்து நிறுத்தும் 190 அடி நீள பெய்லி பாலத்தை அங்கே நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் மட்டுமல்ல, மண் அள்ளும் கனரக இயந்திரங்களே அதன்மேல் போயின. கட்டியது பெங்களூரைத் தளமாகக் கொண்ட மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அங்கே இருந்த அதிகாரிகளில் ஒருவரான மேஜர் சீதா ஷெல்கேயின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. அதன் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே பெயர், 'தம்பி'. இந்தி பேசும் அதிகாரிகளும் தம்பி என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் மெக்கானிக்கல் எஞ்சினியர் என்பதால் அந்தப் பாலம் உங்களை இழுத்ததில் ஆச்சரியம் இல்லை, எனக்கும் அதைப் பார்க்கையில் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெய்லி பாலத்தின் துண்டுகளைக் கையால் தூக்கிப் பிணைத்து, பிரித்து, மறுபடி பிணைத்து, மழை இல்லாத நாளிலும் யாரும் பார்க்காத ஏதோ ஒரு பயிற்சி மைதானத்தில் வருடக்கணக்கில் செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலான பாலங்கள்மேல் ஒரு வண்டிகூட எங்கேயும் போய்ச் சேரவில்லை, கட்டிய அன்றைக்கே பிரித்துவிடுவார்கள். உங்கள் ப்ராஜெக்ட் மெயிலில் நின்றுபோனதற்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் யாருடன் சேர்ந்து, யாருக்காகச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். வேலை போன ஜூனியர் பையனை உங்கள் அறையில் தங்கவைத்தது. "அதுவும் ஆபீஸ் வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ராணுவ அதிகாரிக்கு அதுதான் ஆபீஸ் வேலை. 25 வயதில் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனை உங்கள் கையில் கொடுப்பார்கள். அதில் ஒரு ஹவில்தார் உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருப்பார், உங்களுக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும், இருந்தாலும் உங்களுக்கு சல்யூட் வைப்பார். ஒருவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன், லீவு வேண்டும். இன்னொருவருடைய நிலத்தைப் பங்காளி வளைத்துவிட்டான், ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த மாவட்ட கலெக்டருக்கு யூனிட்டிலிருந்து கடிதம் போக வேண்டும், அது போய்ச் சேர்ந்ததா என்று நீங்கள் துரத்த வேண்டும். ஒரு பையன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் இவர்களை ஆபத்தான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், நீங்கள் முன்னால் போக வேண்டும். இதெல்லாம் சுமை என்று தோன்றுகிறதா, இல்லை இதற்காகத்தான் போகிறேன் என்று தோன்றுகிறதா? உங்களுக்கு இரண்டாவதுதான் என்று நான் ஊகிக்கிறேன். ஆனால் நீங்களே அதை இன்னும் கவனிக்கவில்லை.

இனி, விட்டுக்கொடுக்க வேண்டியது. மேனேஜரைப் பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கு நீங்கள் பேப்பர் போடலாம், நோட்டீஸ் காலம் முடிந்ததும் போய்விடலாம். அந்த உரிமையைத்தான் ராணுவத்தின் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். பயிற்சிக் காலத்திலேயே சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அதிகாரியான பிறகு ராஜினாமா கொடுக்கலாம், அதை ஏற்பதா என்று முடிவு செய்வது அரசு. பேசுவதற்கும், சங்கம் சேர்வதற்கும், அரசியலில் ஈடுபடுவதற்கும் மற்ற குடிமக்களுக்கு உள்ள உரிமை உங்களுக்கு முழுதாக இருக்காது. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது, 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் உங்களை ஆளும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். களப்பகுதியில் போட்டால் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. வேலையை விட்டுவிடலாம் என்ற நினைப்பே ஒரு ஆறுதலாக இருக்கும் இந்த நேரத்தில், விட முடியாத ஒரு வேலைக்குப் போகிறீர்கள் என்பதைக் கொஞ்ச நாள் மனதில் வைத்திருந்து பாருங்கள்.

வழிகளைப் பற்றி. நான்கு வருடம் சிப்பாயாகச் சேரும் அக்னிவீர் வழி 24 வயதில் உங்களுக்கு இல்லை. அதிகாரியாகச் சேரத்தான் முடியும். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும், முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள், பயிற்சி மையங்களும் பெரும்பாலும் அதற்குத்தான். ஆனால் எஞ்சினியர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தொழில்நுட்ப நுழைவு ஒன்று இருக்கிறது, வயது வரம்பு 20 முதல் 27 வரை. எஞ்சினியரிங் மதிப்பெண்ணை வைத்து நேரடியாக எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அதாவது இந்த வழிக்கு ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டுப் படிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமே இல்லை. தேவைப்படுவது எஸ்.எஸ்.பி.க்கான ஐந்து நாள் லீவு, தேர்வானால் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் சில நாள். தகுதிப் பட்டியலில் பெயர் வந்து, சேரும் கடிதம் கைக்கு வந்தபிறகு பேப்பர் போடுங்கள். அதுவரை அந்த அலுப்பான வேலை உங்களுக்குச் சோறு போடட்டும்.

எஸ்.எஸ்.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் முதலில் வருவதை எழுத வேண்டும். மங்கலான படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். தெரியாத ஆட்களுடன் சேர்ந்து கட்டையும் கயிறும் டிரம்மும் வைத்துத் தடையைக் கடக்க வேண்டும். அப்புறம் ஒரு நீண்ட நேர்முகம். பயிற்சி மையங்கள் பல இதற்கு ரெடிமேட் கதைகளையும் ரெடிமேட் பதில்களையும் மனப்பாடம் செய்ய வைக்கின்றன, எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஐந்து நாள் நடிக்க யாராலும் முடியாது, முடிந்தாலும் மனோதத்துவ அதிகாரி, குழுப் பணிகளை நடத்துபவர், நேர்முகம் எடுப்பவர் என்று மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். இன்னொரு முறை போகலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஏன் ராணுவம் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள், அப்போது மேனேஜரைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்கள் என்றால் கதை முடிந்தது. அந்த ஜூனியர் பையனைப் பற்றிப் பேசுங்கள்.

இந்திக்குக் கவலை வேண்டாம். எஸ்.எஸ்.பி.யை ஆங்கிலத்திலேயே முடிக்கலாம். பேச்சு இந்தி பயிற்சியிலும் பாரக்கிலும் தானாக வந்துவிடும், இந்தி தெரியாமல் போன நம்மூர் ஆட்கள் எத்தனையோ பேர்.

தொழில்நுட்ப நுழைவில் குறுகிய காலப் பணிக்குத் தேர்வானால் பயிற்சி 49 வாரம், மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. பணி 10 வருடம், விரும்பினால் இன்னும் 4 வருடம் நீட்டிக்கலாம், நிரந்தரப் பணிக்கும் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் வெளியே வருவீர்கள், ஓய்வூதியம் இருக்காது. இதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். வேலையையும் விடாமல் சீருடையும் வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால் பிரதேச ராணுவம் இருக்கிறது. 1949இல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கிவைத்தது. அதில் அதிகாரியாக 42 வயது வரை சேரலாம், வேறு வேலையில் இருப்பவர்களுக்காகவே உள்ள படை அது. ஆனால் உங்கள் வயதில் முதலில் முழுநேரத்துக்கு முயற்சி செய்வதுதான் சரி.

அப்பா. அவர் ஏன் பேசவில்லை என்று நினைக்கிறீர்கள்? நல்ல சம்பளம் போகிறதே என்பது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணத்தை அவர் வாயால் சொல்ல மாட்டார், நீங்களும் கடிதத்தில் சொல்லவில்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்று 2006இல் அதிகாரியானவர், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார். அவருக்கான அசோகச் சக்கர வீர விருதை அவர் மனைவி வாங்கிக்கொண்ட காட்சியை உங்கள் அப்பாவும் அம்மாவும் டிவியில் பார்த்திருக்கலாம். அது அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒழுங்கு, மரியாதை, நிறைவு என்று நீங்கள் பேசினால் அவர்கள் காதில் விழாது. ஆமாம், அப்படி நடக்கலாம், தெரிந்துதான் போகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அழுகை வரட்டும், சண்டை வரட்டும். அந்தப் பேச்சு நடந்தபிறகு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தை உங்களால் அவர்கள் முன் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை என்றால், விண்ணப்பத்தைத் தள்ளிவையுங்கள்.

மற்றபடி, இந்த வாரமே ஒரு கண் மருத்துவரிடம் போய் நிறக்குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள், தட்டைப்பாதம், முட்டி எல்லாவற்றையும் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்கு எஸ்.எஸ்.பி. தாண்டிய பிறகுதான் இது தெரியவந்து மனம் உடைகிறது. நாளை காலையிலிருந்து ஓடத் தொடங்குங்கள். தொழில்நுட்ப நுழைவுக்கான அறிவிப்பு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வருடத்துக்கு இரண்டு முறை வரும். அழைப்பு வந்தால் எழுதுங்கள். அந்த ஜூனியர் பையனுக்கு வேலை கிடைத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.