பன்னிரண்டு கோயிலுக்கு ஓடுகிறவர், பால் வெட்டுகிறவருக்குக் கூலி பாக்கி

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் பக்கம். கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் டீச்சர். என் மாமனார் பெரிய சிவபக்தர். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப்போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தை இருபத்தாறு வருடமாக ஓடுகிறார், ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஓடி வருகிறவர்களுக்கு எங்கள் வாசலில் பந்தல் போட்டுக் கஞ்சியும் பானகமும் கொடுப்பதும் அவர் செலவுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணனுக்கு நான்கு மாதமாகப் பாதிக் கூலி. மழையில் வெட்டு நடக்கவில்லை, ரப்பர் ஷீட் விலை இறங்கிவிட்டது என்று ஏதாவது சொல்கிறார். பாக்கி இருபத்திரண்டாயிரம் ரூபாய். அந்த அண்ணனின் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். போன வாரம் வந்து வாசலில் நின்றார். மாமா பூஜையில் இருந்தார், உட்காரவைத்தோம். பூஜை முடித்து வந்தவர் "அடுத்த மாசம் பாக்கலாம்டே" என்று திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார். என் மகளுக்கு எட்டு வயது. "பாட்டா சாமி கும்பிட்டுட்டுத்தானே வந்தாவ, பெறவு ஏன் அந்த மாமாவுக்கு ரூவா குடுக்கல?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கேற்ற வர மாட்டேன் என்கிறாள். கணவரோ "அப்பாகிட்ட நீ ஒண்ணும் பேசாண்டாம்" என்கிறார். கடவுள் நம்பிக்கை மனிதரை நல்லவராக்கும் என்பதெல்லாம் சும்மாதானா? மகளிடம் நான் என்ன சொல்ல?

— வாசகி, குலசேகரம் அருகில்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கூலி கேட்டு வந்த மனுஷன் நெற்றியில் திருநீறோடு திரும்பிப் போயிருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

ஓரிடத்தில் "வேஷக்காரர்" என்று எழுதி, அப்புறம் அடித்திருக்கிறீர்கள். பேனா மைக்கு அடியில் அது நன்றாகத் தெரிகிறது. அடித்தது சரி. உங்கள் மாமனார் வேஷக்காரர் இல்லை. முஞ்சிறை திருமலையில் சாயங்காலம் கிளம்பி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று ராத்திரியெல்லாம் ஓடி, மறுநாள் வெயிலில் கல்குளம், மேலாங்கோடு, திருவிதாங்கோடு தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் நட்டாலத்தில் முடிக்கிற ஓட்டம் அது. ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அடுத்த கோயிலுக்கு. உள்ளங்காலில் வருகிற கொப்புளத்தை யாரும் நடித்து வரவழைக்க முடியாது. அதுவும் இருபத்தாறு வருடம்.

அவருடைய நம்பிக்கை நிஜம் என்பதால்தான் விஷயம் சிக்கலாகிறது. அவருடைய சிவன் பன்னிரண்டு கோயிலில் இருக்கிறார். பன்னிரண்டிலும் சந்தேகமில்லாமல் இருக்கிறார். ஆனால் ஷீட் காயப்போடுகிற புகைப்புரைக்குள் அவர் வருவதில்லை. அங்கே விலை, மழை, ஒட்டுப்பால், வியாபாரி. அது வேறு நாடு.

அவரை நான் கேலி செய்யவில்லை, எனக்கும் இது நடந்திருக்கிறது. பி.யு.சி. பாஸானால் கோட்டாறு சவேரியார் கோயிலில் ஒரு கட்டு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று நேர்ந்திருந்தேன். (நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நம்மூரில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? டிசம்பர் 3 திருநாளுக்குக் கூடுகிற கூட்டத்தில் யார் எந்த வேதம் என்று பிரித்துப் பாருங்கள் பார்ப்போம்.) பாஸானேன். கையில் காசில்லை. சினேகிதி ஒருத்தியிடம் பதினைந்து ரூபாய் கடன் வாங்கித் திரி ஏற்றினேன். கோயிலை விட்டு வெளியே வரும்போது மனசு அப்படி லேசாக இருந்தது. அந்த லேசில் அவள் கடனும் சேர்ந்து பறந்துவிட்டது. இரண்டு வருடம் கொடுக்கவில்லை. அவள் தெருவழியாகப் போவதைக்கூடத் தவிர்த்தேன். சவேரியாருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று, நான் வாக்குத் தவறாதவள் என்ற நினைப்பு மட்டும் குறையவே இல்லை! கடைசியில் அவள் கல்யாண மொய்க்கவரில் பதினைந்து ரூபாயைத் தனியாக மடித்து வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மணமேடையிலேயே சிரித்துவிட்டாள்.

மனசின் இந்தக் குணத்தை மனவியல்காரர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்ததும், அடுத்ததில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்கிறோம். நேர்ச்சையில் இந்த ஆபத்து கூடுதல். கடவுளுக்கே கணக்குத் தீர்த்தவனுக்கு மனுஷன் கணக்கு சில்லறையாகத் தெரியும்.

இன்னொரு சோதனையும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊரில் குருமடத்து மாணவர்களை வைத்துச் செய்தது, 1973இல் வெளியானது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசச் சொல்லி, சிலரைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பதுபோல ஏற்பாடு. நேரமிருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. சாமி காரியமாகத்தான் போனார்கள், ஆனால் அவசரம். உங்கள் மாமாவுக்கும் அன்றைக்குப் பூஜை முடிந்து அடுத்து ஏதோ ஒரு காரியம் இருந்திருக்கும்.

நம்பிக்கை மனிதரை நல்லவராக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்கியதையும் பார்த்திருக்கிறோம், ஆக்காததையும் பார்த்திருக்கிறோம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். பனிச்சரிவில் 7 சுமைதூக்கிகள் செத்துப்போன பயணம் அது. அது முடிந்து ஊர் சுற்ற வந்த இடத்தில், நெய்யூரில் வைத்தியத்துக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு இங்கேயே வந்து இருபது வருடத்துக்கு மேல் கிடந்தார். அவரைக் கொண்டுவந்தது அவருடைய கிறிஸ்து. அதே மாவட்டத்தில் 1982இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் நடந்ததும் நம்பிக்கையின் பெயரால்தான். கடற்கரை ஊர்களில் இன்றைக்கும் அதைப் பேசும்போது சிலர் குரல் தாழ்ந்துவிடும். இன்னொரு பக்கம், பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா சாமியே இல்லை என்றவர். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் குடிசையில் வாழ்ந்தார். அவருக்குக் கோயிலும் தேவைப்படவில்லை, நேர்ச்சையும் தேவைப்படவில்லை. ஆகவே பக்தியை அளந்து குணத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது இருபத்திரண்டாயிரம் ரூபாய். அதை உங்கள் மாமாவின் பக்தியைக் கொண்டே வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

எப்படி என்றால், அவர் ஓடுகிற ஓட்டத்தின் கதையை வைத்து. நம் பக்கம் சொல்வது இது. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும் என்று பீமன் போகிறான். (பால் விஷயமாக வந்த வழக்குதான் அதுவும்!) பாதி மனிதன், பாதி மிருகம், சிவனைத் தவிர இன்னொரு பெயர் காதில் விழுந்தால் பொறுக்காத பக்தர். பீமன் "கோபாலா, கோவிந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறான், அது கோபத்தோடு துரத்துகிறது. பிடிபடப் போகிற நேரத்தில் கண்ணன் கொடுத்த ருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான். விழுந்த இடத்தில் லிங்கம். புருஷாமிருகம் நின்று பூஜை செய்கிறது, பீமன் தப்பி ஓடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் பீமனின் ஒரு கால் அவனுடைய எல்லைக்குள், ஒரு கால் வெளியே இருக்கும்போது அது பிடித்துவிடுகிறது. வழக்கு தருமரிடம் போகிறது. பிடிபட்டது சொந்தத் தம்பி. ஓடியதும் தருமரின் யாகத்துக்காகவே. தருமர் என்ன சொன்னார்? எல்லைக்கு வெளியே இருந்த பாதி உடம்பு புருஷாமிருகத்துக்குச் சேரும் என்று.

ஓடுகிறவர்களின் வாயில் "கோபாலா கோவிந்தா" இன்றைக்கும் இருக்கிறது. தருமரின் தீர்ப்பு அவ்வளவாக இருப்பதில்லை. யாகம் எவ்வளவு புனிதமானாலும் எதிராளியின் பங்கு எதிராளிக்கே என்று சொல்லித்தான் அந்தக் கதை நட்டாலத்தில் முடிகிறது. உங்கள் மாமாவும் பாதி கொடுத்திருக்கிறார், ஆனால் இந்தப் பாதி வேறு. (அந்த நட்டாலம்தான் தேவசகாயம் பிள்ளை பிறந்த ஊரும். 1745இல் ஞானஸ்நானம் பெற்று, சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகி, 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர். 2022இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஒரே ஊருக்கு இப்படி இரண்டு கதை!)

மாமா மாலை போட்டு விரதம் தொடங்குவதற்கு முன்னால், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களே பேசுங்கள். "மாமா, இந்தத் தடவ பந்தல் செலவக் கொஞ்சம் கொறச்சு, வெட்டுற அண்ணனுக்குள்ள பாக்கியக் குடுத்துட்டு ஓடுங்க. நட்டாலத்துல தருமரு தம்பின்னுகூடப் பாக்கலியே." அவ்வளவு போதும். பக்தி, வேஷம், பாவம் என்ற சொற்களையெல்லாம் எடுக்காதீர்கள். எடுத்தால் அவர் தன் இருபத்தாறு வருடத்தைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார், கூலிப் பேச்சு காணாமல் போய்விடும். முதல் நாள் கோபப்படுவார். படட்டும். ஓடும்போது கூடவே ஓடிவரும் அந்த வார்த்தை.

மகளை வைத்துக் கேட்கவைக்கலாமா என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. வேண்டாம். பெரியவர்கள் பேசத் தயங்குவதை எட்டு வயசுப் பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாது. கணவரிடம் அனுமதி கேட்க வேண்டாம், பேசப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கூட வந்து உட்கார்ந்தால் நல்லது.

மாசியில் சிவராத்திரி வருகிற நேரம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற நேரமும்கூட. வெட்டு நிற்கும், அந்த அண்ணனுக்கு வேலையே இருக்காது. ஆகவே பாக்கி அதற்கு முன்னால் கைக்குப் போயாக வேண்டும். இனிமேலுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கூலிக் கணக்கு எழுதுங்கள், இரண்டு பேர் கையெழுத்தோடு. ஷீட் விற்ற காசு வந்ததும் முதலில் அந்த நோட்டைத் திறக்கிற வழக்கம் வந்துவிட்டால் மாமாவுக்கே நிம்மதி. ஃபீஸ் கட்டும் நாள் நெருங்கிவிட்டால் உங்கள் சம்பளத்தில் இருந்து கொடுங்கள், ஆனால் மாமாவுக்குத் தெரிந்தே கொடுங்கள். ரகசியமாகக் கொடுத்தால் அவர் கடனை நீங்கள் மறைத்துவைத்ததாக ஆகும். எதுவுமே நடக்காமல் அந்த அண்ணன் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கப் போகிறார் என்றால், குடும்ப மானம் என்று சொல்லி அவரைத் தடுக்காதீர்கள்.

மகள் விஷயத்தில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. சாமி கும்பிடுவது வெறும் பழக்கம் என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி வரவே வராது. கும்பிட்டுவிட்டு வந்தவர் ரூபாய் கொடுத்திருக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். உங்கள் வீட்டில் பக்தியை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது அவள்தான். விளக்கேற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு ஏற்றுங்கள். கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "பாட்டா செஞ்சது தப்பு. பாட்டா கெட்டவர் இல்ல. அம்மா அவர்கிட்ட பேசப்போறேன்." இதில் எந்த ஒரு வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள்.

லீவு நாளில் ஒருமுறை அவளைச் சாமித்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாச் சாதிக்காரரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கட்டும் என்று அய்யா வைகுண்டர் வைத்த முத்திரிக் கிணற்றைக் காட்டுங்கள். அங்கே கோயிலுக்குள்ளே சிலை இருக்காது, கண்ணாடிதான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஏன் கண்ணாடி என்று அவள் கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். முடிந்தால் மாமாவையும் கூட்டிப் போங்கள், வண்டியில் முன் சீட்டைக் கொடுத்து.

மாமா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்த அண்ணன் மகள் எந்தக் காலேஜ், என்ன படிக்கிறாள் என்பதையும் எழுதுங்கள். கடிதத்தில் அது இல்லை.