நான்கு விரல் ஆழம்

அன்புள்ள அம்மா,
சந்திரயான்-4 நிலவு மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் என்று படித்தேன். 2023இல் சந்திரயான்-3 நிலவில் இறக்கிய விக்ரம் கலம் இரண்டே வாரத்தில் உறங்கிப்போய், பிறகு எழவே இல்லை. என் மகள் அழுதுவிட்டாள். முந்தையதே பாதியில் தோற்றிருக்க, அடுத்ததற்கு 2104 கோடி ரூபாய் தேவையா?
ச., பெல்லந்தூர், பெங்களூர்

அன்புள்ள ச.,

கோடிக் கணக்கை விடுங்கள், அதைப் பேச நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. ‘தோற்றது’ என்ற சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. விக்ரம் நிலவின் ஒரு பகலுக்கு, அதாவது நம் கணக்கில் 14 நாட்களுக்கு மட்டுமே செய்யப்பட்ட கலம். சூரிய ஒளியில் இயங்கிய அதற்கு நிலவின் இரவுக் குளிரைத் தாங்கும் ஏற்பாடு கிடையாது. மறுபடி விழித்திருந்தால் அது உபரி வரவு. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்ட கருவிக்கு ஊரே கூடி ஒப்பாரி வைத்தோம், அது அனுப்பிய கணக்கை ஒருவரும் படிக்கவில்லை.

விக்ரமில் சேஸ்ட் என்றொரு கருவி இருந்தது. பத்து வெப்ப உணரிகள் பொருத்திய கோலை நிலவின் தரையில் குத்தி இறக்குவது அதன் வேலை. ஆகஸ்ட் 27 அன்று இஸ்ரோ வெளியிட்ட முதல் வரைபடத்தில், மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸைத் தொட்ட வெப்பம், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்கும் பத்து டிகிரி கீழே கிடந்தது. எட்டு சென்டிமீட்டர் எவ்வளவு என்று மேசைமேல் கையை வைத்து அளந்து பார்த்தேன். என் நான்கு விரல்களின் அகலம்.

முசிறியில் சித்திரை வெயிலில் காவிரி மணலைக் கடக்கும்போது, குதித்துக் குதித்து ஓடும் என்னை அப்பாயி இழுத்து நிறுத்தி, “ஓடாதடி, காலைப் புதை” என்பாள். கணுக்கால் வரை புதைத்தால் போதும், அடிமணலின் ஈரம் உள்ளங்காலில் ஏறும். அந்தக் குளிர்ச்சி தண்ணீர் தந்தது. நிலவிலோ காற்றே இல்லை. பொடிமண்ணின் துகளுக்கும் துகளுக்கும் நடுவே வெற்றிடம் என்பதால் வெயில் உள்ளிறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுவிடுகிறது. நிலவில் உறைபனியைத் தேடுகிறவர்கள் தரைக்குக் கீழே எவ்வளவு தோண்ட வேண்டும் என்ற கணக்கை இப்படிப்பட்ட அளவுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இதைத் தோல்வி என்றா எழுதுவீர்கள்?

உங்கள் மகள் அழுததில் எனக்கு வருத்தமில்லை, அவள் குழந்தை. உங்கள்மீதுதான் கோபம். அடுத்த ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, உங்கள் அடுக்ககத்துச் சறுக்குமரத்தடி மணலில் அவளைக் கை புதைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த வரைபடத்தை அவளுக்குக் காட்டுங்கள்.