ஸ்பிரிங்க்ளர் ஓட்டியும் கடலை திட்டுத் திட்டா வாடுதுங்களா?

கேள்வி: உடுமலை பக்கம் 2 ஏக்கர் கடலைங்க, ஆடிப்பட்டம். ஸ்பிரிங்க்ளர் 12க்கு 12 மீட்டர்ல நட்டிருக்கு. 3 மணி நேரம் விட்டும் சில இடம் வாடுது, சில இடம் சொதசொதன்னு கெடக்குது. இன்னொரு மணி நேரம் சேத்து விடலாங்களா?

பதில்: வேண்டாங்கண்ணா, நேரத்த கூட்டுனா சொதசொதன்னு கெடக்குற இடந்தான் இன்னும் கெடும். மொதல்ல தண்ணி எங்க எவ்வளவு விழுதுன்னு அளந்துருங்க, செலவே இல்ல.

ஒரே அளவு வாய் இருக்குற 16 டப்பா எடுத்து, நாலு ஸ்பிரிங்க்ளருக்கு நடுவுல இருக்குற சதுரத்துல 3 மீட்டருக்கு ஒண்ணா, எல மறைக்காம செங்கல் மேல வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டுங்க. உங்க மோட்டாருக்கு ஒரு லைன்தான் ஓடும்னா டப்பாவ அசைக்காம அடுத்த லைனுக்கு மாத்தி அதே நேரம் விடணும், இத மறந்துட்டு பாதி தண்ணிய அளந்துட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. முடிஞ்ச உடனே சிரிஞ்ச் வெச்சு மில்லி பாத்து எழுதிக்கங்க. இப்ப 16க்கும் சராசரி 50 மில்லி, கம்மியா இருக்குற நாலு டப்பா சராசரி 31னு வைங்க, 31ஐ 50ஆல வகுத்தா 62 சதவீதம், தண்ணி எவ்வளவு சமமா விழுதுங்குற கணக்கு இதுதான். 75க்கு மேல வந்தா பரவால்ல, 62லாம் மோசம். (1942லயே கலிபோர்னியால கிறிஸ்டியன்சன்னு ஒருத்தரு இப்படி டப்பா வெச்சு அளந்துதான் இதுக்கு ஒரு பார்முலாவே போட்டாரு, நமக்கு இந்த வகுத்தலே போதும்.)

அடுத்து பக்கெட். தண்ணி பீச்சுற நாசில் மேல ஓஸ் சொருகி 20 லிட்டர் பக்கெட் ரொம்புறதுக்கு எத்தன செகண்டுன்னு லைன்ல மொத ஸ்பிரிங்க்ளர்லயும் கடைசிலயும் பாருங்க. மொதல்ல 75 செகண்டுன்னா கடைசில 83 வரைக்கும் விட்டுரலாம், அதுக்கு மேல போனா ஒரே லைன்ல அதிகமா மாட்டிருக்கீங்க, ரெண்டு மூணக் கழட்டுங்க. பிரஷர் கம்மின்னா தண்ணி பெரிய பெரிய சொட்டா வளையம் மாதிரி தள்ளி விழும், நடுவுல காஞ்சே கெடக்கும். நாசில் ஓட்டை தேஞ்சிருக்கா, ஸ்பிரிங்க்ளர தாங்குற ரைசர் பைப்பு சாஞ்சிருக்கான்னும் ஒரு கண்ணு பாத்துக்கங்க.

ஆனா உங்க ஊருக்கு எனக்கு மொத சந்தேகம் காத்து மேலதாங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இப்ப மேக்க இருந்து வாங்கு வாங்குன்னு வாங்குமே, பகல்ல ஓட்டுனா பாதி பக்கத்து வயலுக்குப் போயிரும். ராத்திரியோ விடிகாலையோ ஓட்டுங்க, லைன தெக்கு வடக்கா போட்டு லைனுக்கு லைன் 12க்கு பதிலா 9 மீட்டர் விடுங்க. 9 விட பைப்பு பத்தலைன்னா அடுத்த தண்ணிக்கு லைன போன தடவ போட்ட ரெண்டு எடத்துக்கும் நடுவுல போடுங்க, போனதுல விட்டுப்போன எடம் இதுல நனைஞ்சுரும். பூவுல இருந்து மண்ணுக்குள்ள போயி காய் புடிக்கிற விழுது எறங்குற நேரம் வேற, காஞ்ச மண்ணுல எறங்காது, அதனால இந்த வாரமே டப்பா வெச்சுப் பாத்துட்டு 16 நம்பரையும் எழுதி அனுப்புங்க.