ஆன்லைன் கேம் அதிகமானால் வெளி வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்படும்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: தம்பி விடிய விடிய ஆடுகிறான், இது நோயா, வெறும் பழக்கமா?

முதலில் அடிபடுவது தூக்கம்தான். மொரீஷியஸில் அது இன்னும் மோசம். பாரிஸ் பிள்ளைகளோடு குழு சேர்ந்தால், அவர்களுடைய குளிர்காலத்தில் அங்கே இரவு 9 மணி என்பது நமக்கு நள்ளிரவு 12. அவர்கள் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்கப் போகும்போது இங்கே 2 மணி. காலையில் பள்ளிக்கூடப் பேருந்து வேறு. பாதியில் எழுந்தால் குழு தோற்கும். அதனால்தான் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, நோயா? 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது இவை: கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவற்றால் படிப்பும் உறவும் பெரிதாகக் குலைவது. அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும்.

என் அண்ணன் மகன் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். ஒரு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வைஃபையைப் பிடுங்கிப் பார்த்தோம், சண்டைதான் வந்தது. "இந்த ஆட்டம் முடிந்ததும் வா" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.