ஆயில் கருத்தால் மாற்ற வேண்டுமா? டீசல் பிக்கப் கேள்வி பதில்

ரங்கூனில் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் பிக்கப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்பவர் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன். முதலிலேயே ஒன்று: காலி ஆயில் டப்பாவை ஓட்டை போடாமல் வெளியே எறியாதீர்கள்.

தட்டோன்: அண்ணே, டொயோட்டா ஹைலக்ஸ், 3எல் ரக டீசல் இன்ஜின். லைன் கார் (ஆள் ஏற்றும் பிக்கப்) ஓட்டுகிறேன். 5000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், சரியா?

5000 என்ன, மைலா கிலோமீட்டரா? நம் ஊரில் ரோட்டோரக் கல் மைலும் பர்லாங்கும் சொல்லும். ஜப்பான் வண்டியின் மீட்டர் கிலோமீட்டர் சொல்லும். இந்தக் குழப்பத்தில் எத்தனை இன்ஜின் போனதோ! 5000 மைல் என்றால் 8000 கிலோமீட்டர். பழைய 3எல், 5எல் இன்ஜினுக்கு நான் சொல்வது 5000 கிலோமீட்டர், அதாவது சுமார் 3100 மைல். அதுவும் சும்மா ஓடும் வண்டிக்கு. கூரையில் மூட்டை, பின்னால் தொங்கிக்கொண்டு ஆள், பத்தடிக்கு ஒரு நிறுத்தம் என்று ஓடும் லைன் காருக்கு 4000 கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். டீசல் எரியும்போது கரி உண்டாகும், அது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். டீசலில் உள்ள கந்தகம் அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரம் சேர்த்திருப்பார்கள். அந்தக் காரம் தீர்ந்ததும் அமிலம் பேரிங்கைத் தின்னும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

பெகு: மாற்றி இரண்டே நாளில் கருப்பாகிவிட்டது. போலி ஆயிலா?

இல்லை. கரியைப் படியவிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்வதுதான் டீசல் ஆயிலின் வேலை. இன்ஜினில் தங்கிய பழைய ஆயிலும் கொஞ்சம் கலந்திருக்கும். பழைய டீசலில் 2000 கிலோமீட்டர் ஓடியும் ஆயில் தேன் நிறத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மாந்தளை: எங்கள் மேஸ்திரி விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். கிலோமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு?

விரலுக்குத் துகள் தெரியும், மூக்குக்கு டீசல் வாடை தெரியும். காரம் எவ்வளவு மிச்சம் என்று எந்த விரலுக்கும் தெரியாது.

மாந்தளை (மறுபடி): முப்பது வருஷ அனுபவம் அண்ணே. விரல் பொய் சொல்லாது.

சரி, உங்கள் மேஸ்திரியிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஒரு சொட்டை வெள்ளை வடிதாளில் விட்டு, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். நடுவில் கருப்பும் சுற்றிலும் சாம்பல் நிறமும் மெல்லப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கருப்பெல்லாம் நடுவிலேயே பொட்டு வைத்த மாதிரி திட்டாக நின்றுவிட்டால் கரியைத் தாங்கும் சக்தி போய்விட்டது. வெளியே எண்ணெய்ப் பசையாக அகல வளையம் வந்தால் டீசல் கலந்திருக்கிறது. விரல் ஒன்று சொல்லி தாள் வேறு சொன்னால் நான் தாளைத்தான் நம்புவேன். மாந்தளைக்காரர் கோபித்தாலும் சரி.

மோல்மீன்: இப்போதுதான் வாங்கிய ஜப்பான் வண்டி. மீட்டரில் 82,000. ஆயில் எப்போது?

இன்றைக்கே. அதற்கு முன் டிரைவர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். ஜப்பான் பட்டறைக்காரர்கள் ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வருஷம் 22 என்றிருந்தால் 2022 என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வண்டியில் அது பெரும்பாலும் ஹெய்செய் ஆண்டு, அதாவது ஜப்பானின் பேரரசர் காலக் கணக்கு. 1988-ஐக் கூட்டினால் 2010. என்னிடம் வந்த ஒரு வண்டியின் ஸ்டிக்கரில் 1,64,000, மீட்டரில் 90,000! வாங்கியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பெகு, வேறொருவர்: ஆயில் கருப்பாக…

மேலே பாருங்கள்.

ரங்கூன்: டிபிஎஃப் (புகை வடிகட்டி) உள்ள வண்டி. ஆயில் குறையவே இல்லை, கூடியிருக்கிறது. நல்லதுதானே?

நல்லதில்லை. கூடியது டீசல். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பாய்ச்சும். ரங்கூன் நெரிசலில் அந்த வேலை பாதியில் நிற்கும், மிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். அப்படியே ஓட்டினால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தும் நிற்காமல் அலறும். கையேட்டில் டிஎல்-1 (சாம்பல் குறைந்த டீசல் ஆயில் தரம்) என்றிருந்தால் டிஎல்-1தான் வாங்க வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும்.

டவுஞ்ஜி: 20டபிள்யூ-50 (கெட்டியான ஆயில்) போடலாமா?

உங்கள் மலைக்குளிருக்கு 15டபிள்யூ-40 போதும்.

பியாப்போன்: வருஷத்துக்கு 1500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும்.

பெகு, மூன்றாமவர்: வெள்ளத்தில் வண்டி நின்றது. டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள்! கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.

ரங்கூன்: பெட்ரோல் டாக்சிக்கு…

அது வேறு வைத்தியரிடம்.

மோல்மீன்: கருத்த ஆயிலை உடனே…

அப்பா சாமி!

தட்டோன்: டப்பாவை ஏன் ஓட்டை போடச் சொல்கிறீர்கள்?

கழித்த ஆயிலை வடிகட்டி அதே டப்பாவில் ஊற்றி, புது மூடி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். லேபிள் அசல், டப்பா அசல், உள்ளே உங்கள் வண்டியிலிருந்து போனதே திரும்பி வரலாம். பெரிய ஆணியாக எடுத்து அடியில் நாலு இடத்தில் குத்துங்கள். ஆணியைக் கொஞ்சம் சூடு காட்டினால் பிளாஸ்டிக்கில் சுலபமாக இறங்கும்.